ஹீ-மேன் 2002-ல் திரும்பி வந்தும் ஏன் நிற்கவில்லை?

தண்டையார்பேட்டையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். சின்ன வயதில் தூர்தர்ஷனில் ஹீ-மேன் கார்ட்டூன் பார்த்து வளர்ந்தவர். 2002-ல் மேட்டல் என்ற அமெரிக்கப் பொம்மைக் கம்பெனி தன் ஹீ-மேன் பொம்மை வரிசையைப் புதிதாகக் கொண்டுவந்தது. பொம்மைகள் பழையவற்றைவிட அழகு, கூடவே புதுக் கார்ட்டூன், பெயரோ ஊரறிந்த பெயர். அப்படியும் இரண்டு வருடத்தில் ஏன் நின்றுபோனது, விளம்பரம் போதவில்லையா, காலம் மாறிவிட்டதா என்பது அவர் கேள்வி. கடைசி வரியில், வியாசர்பாடி தொழிற்பேட்டையில் தன் மாமா ஒரு காலத்தில் செய்துவந்த பிளாஸ்டிக் வீரர் பொம்மைகளை மறுபடி போடலாமா என்று யோசிப்பதாகவும் எழுதியிருக்கிறார். உண்மையான கேள்வி அந்தக் கடைசி வரியில்தான் இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன். நல்ல பொருள், தெரிந்த பெயர், டிவியில் கதை, இந்த மூன்றும் இருந்தும் சரக்கு நகராமல் போகுமா? போகும். எப்படிப் போகும் என்று தெரியாமல் பணம் போடாதீர்கள் என்பதற்காகத்தான் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

நான் காசிச்செட்டி தெருவில் பொம்மை மொத்த வியாபாரம் செய்கிறேன். அதற்கு முன் நாராயண முதலி தெருவில் ஒரு கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். இரண்டும் சேர்த்து முப்பது வருடம் தாண்டிவிட்டது. மேட்டல் கம்பெனியின் கணக்கைப் பார்த்தவன் அல்ல, அமெரிக்கக் கடையில் நின்றவனும் அல்ல. ஆனால் ஒரு பெட்டியைப் பிரித்தால் அதில் எது ஓடும், எது ஆறு மாதம் கழித்தும் கொக்கியில் தொங்கும் என்பது இந்தத் தொழிலில் எல்லா ஊருக்கும் பொது. ஹீ-மேன் வரிசை மேல் எனக்கு ஆசையும் உண்டு. எண்பதுகளின் பிற்பகுதியில் லியோ டாய்ஸ் இங்கேயே செய்து விற்ற ஹீ-மேன் ஒன்று இன்றும் என் மேசையில் நிற்கிறது.

விளம்பரம் முதல் காரணம் அல்ல, காலம் மாறியதும் முதல் காரணம் அல்ல. பெட்டிக்குள் போட்ட கலவைதான் முதல் காரணம். கடைக்காரர் ஒரு பொம்மையைத் தனியாக வாங்குவதில்லை, பெட்டியாக வாங்குகிறார். அந்தப் பெட்டியில் எந்தப் பாத்திரம் எத்தனை என்று கம்பெனி முன்கூட்டியே முடிவு செய்து மூடி அனுப்பிவிடும். நாம் அசார்ட்மெண்ட் என்போமே, அதுதான். 2002 வரிசையில் நாயகன் ஹீ-மேனும் வில்லன் ஸ்கெலிட்டாரும் அலை அலையாக வந்துகொண்டே இருந்தார்கள். ஸ்மாஷ் பிளேடு ஹீ-மேன், ஜங்கிள் அட்டாக் ஹீ-மேன், ஐஸ் ஆர்மர் ஹீ-மேன் என்று உடுப்பும் ஆயுதமும் நிறமும் மாறின. ஆள் அதே ஆள். டீலா, ஈவில்-லின் போன்ற பெண் பாத்திரங்களையும், கார்ட்டூனில் அன்றாடம் வரும் துணைப் பாத்திரங்களையும் தேடி அலையவேண்டியிருந்தது. ஒரு பையன் ஹீ-மேன் ஒன்று வாங்கிவிட்டான், ஸ்கெலிட்டார் ஒன்று வாங்கிவிட்டான். மூன்றாவது தடவை அப்பாவை இழுத்துக்கொண்டு கடைக்கு வருகிறான். கொக்கியில் மறுபடி ஹீ-மேன், பக்கத்தில் இன்னொரு நிறத்தில் இன்னொரு ஹீ-மேன். அவனிடம் காசு இருக்கிறது, ஆசை இருக்கிறது, வாங்கப் புதுப் பாத்திரம் இல்லை. நான்காவது தடவை அவன் வரமாட்டான்.

இது பையனோடு முடிந்தால்கூடப் பரவாயில்லை. பெரிய அமெரிக்கக் கடைகளில் மறு ஆர்டர் போடுவது பெரும்பாலும் கம்ப்யூட்டர்தான். ஒரு கலவை முழுவதையும் ஒரே எண்ணில் பதிந்து வைத்திருந்தால், கொக்கியில் ஏழெட்டு பழைய ஹீ-மேன் தொங்கும்வரை ‘சரக்கு இருக்கிறது’ என்றுதான் அந்தக் கணக்கு சொல்லும். புதுப் பெட்டிக்கு ஆர்டர் போகாது. புதுப் பெட்டியில்தான் பையன் தேடும் டீலா இருக்கிறாள். ஆக, விற்காத பொம்மை விற்கக்கூடிய பொம்மையின் வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறது. கடை மேலாளர் பார்ப்பதோ ஒரே ஒரு வரி: இந்த லைன் மந்தம். அடுத்த சீசனில் அவர் அதற்குக் கொடுக்கும் கொக்கிகளைக் குறைக்கிறார். கொக்கி குறைந்தால் கம்பெனியின் உற்பத்தி எண்ணிக்கை குறையும், எண்ணிக்கை குறைந்தால் புதுப் பாத்திரத்துக்கு டை, அதாவது வார்ப்பு அச்சு, வெட்டும் செலவு கட்டாது, புதுப் பாத்திரம் வராவிட்டால் கொக்கி இன்னும் மந்தமாகும். இந்தச் சுற்றில் ஒரு தடவை மாட்டிய வரிசை வெளியே வந்து நான் அதிகம் பார்த்ததில்லை.

இதை நான் என் கையாலேயே பட்டிருக்கிறேன். பல வருடங்களுக்கு முன் ஒரு கம்பெனி, பெயர் வேண்டாம், தன்னுடைய பழைய வீரர் செட்டைப் புதுப் பெயிண்டில் மறுபடி இறக்கியது. பத்துப் பெட்டி எடுத்தால் ஒரு பெட்டி இலவசம் என்று ஸ்கீம். ஆசைப்பட்டு எடுத்தேன். பெட்டிக்கு இருபத்துநான்கு பொம்மை, அதில் பாதி நாயகன். முதல் இரண்டு வாரம் பறந்தது. மூன்றாவது வாரம் ராயபுரம் எம்.எஸ். கோயில் தெருவில் கடை வைத்திருக்கும் நம் வாடிக்கையாளர் வந்தார். “அண்ணே, வில்லன் மட்டும் தனியா குடுப்பீங்களா? ஹீரோ என் கடையிலயே ஆறு தொங்குது” என்றார். என்னிடம் தனியாக இல்லை. கம்பெனி ஆளிடம் கேட்டேன். “கலவை மாத்த முடியாது சார், ஃபேக்டரியிலேயே அப்படித்தான் வருது” என்றார். அந்த நாயகன்களை அடுத்த வருடம் திருவொற்றியூர் மாசித் திருவிழாவில் கடை போடுகிறவர்களுக்கு வாங்கின விலைக்கும் கீழே கொடுத்துத் தீர்த்தேன். பொம்மையில் எந்தக் குறையும் இல்லை. பிள்ளைகளுக்கும் பிடித்திருந்தது. இதைச் சொல்லும்போது இப்போதும் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

சரி, மேட்டல் போன்ற கம்பெனிக்கு இது தெரியாதா? தெரியும். நாயகன் பெட்டியில் இல்லாவிட்டால் புதிதாக வரும் பையன் எங்கே ஆரம்பிப்பான் என்ற பயம் நியாயமான பயம். அதைவிடப் பெரிய காரணம் டை செலவு என்று நினைக்கிறேன். 1982-ல் முதல் தடவை இந்த வரிசை வந்தபோது மேட்டல் ஒரு நல்ல வேலை செய்தது. ஒரே உடம்பு டையைப் பல பாத்திரங்களுக்குப் பயன்படுத்தினார்கள். அதே முறுக்கேறிய மார்பு, அதே கை கால், தலையும் கவசமும் நிறமும் மட்டும் வேறு. பீஸ்ட் மேன் உடம்பும் ஸ்ட்ராட்டோஸ் உடம்பும் ஒன்றுதான். ஹீ-மேன் ஏறி வரும் பேட்டில் கேட்கூட பிக் ஜிம் என்ற அவர்களுடைய பழைய வரிசையின் புலி டையிலிருந்து வந்ததுதான். மிச்சப்படுத்திய பணம் புதுப் புதுப் பாத்திரங்களாக மாறியது. பையன் எப்போது கடைக்குப் போனாலும் புது ஆள் ஒருவன் காத்திருந்தான்.

2002-ல் நிலைமை தலைகீழ். வடிவமைத்தவர்கள் ஃபோர் ஹார்ஸ்மென் என்ற சிற்பிகள் குழு. அருமையான கைகள். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் கிட்டத்தட்டத் தனி உடம்பு, தனி மடிப்பு, தனி நரம்பு, அதற்குமேல் பட்டனை அழுத்தினால் கை சுழலும் வேலைப்பாடு வேறு. இத்தனை செய்தால் ஒவ்வொரு புதுப் பாத்திரமும் புதிதாக டை வெட்டும் செலவு. எங்காவது மிச்சம் பிடித்தாக வேண்டும். ஏற்கெனவே வெட்டிய ஹீ-மேன் உடம்புக்கு மேல் புதுக் கவசம் மாட்டிப் புதுப் பெயர் வைப்பதுதான் சுலபமான வழி. 1982-ல் பொது டை பல ஆட்களைக் கொடுத்தது, 2002-ல் அதே சிக்கனம் ஒரே ஆளைப் பல தடவை கொடுத்தது. கம்பெனிக்குள் இப்படித்தான் பேசி முடிவெடுத்தார்கள் என்று என்னால் சாதிக்க முடியாது, இது என் ஊகம். ஆனால் இரண்டு காலத்துப் பொம்மைகளையும் கழற்றிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறு மாதிரி எண்ணத் தோன்றவில்லை.

அடுத்தது நீங்கள் கேட்ட விளம்பரம். விளம்பரத்துக்குச் செலவிட்டார்களா என்பதைவிட, விளம்பரமும் சரக்கும் ஒரே நேரத்தில் ஒரே ஆளைக் காட்டியதா என்று கேட்பது நல்லது. பழைய கார்ட்டூன் 1983-ல் தொடங்கியது. மொத்தம் 130 பகுதிகள், அமெரிக்காவில் வார நாட்களில் தினமும் பள்ளி விட்டு வரும் நேரத்தில் ஓடியது. தினமும் ஒரு பாத்திரம் பையனுக்கு அறிமுகம் ஆகும். சாயங்காலம் டிவியில் பார்த்தவனைச் சனிக்கிழமை கடையில் பார்த்துவிடலாம். 2002 ஆகஸ்டில் வந்த புதுக் கார்ட்டூன் கார்ட்டூன் நெட்வொர்க்கில் ஓடியது. 39 பகுதிகளோடு 2004 ஜனவரியில் முடிந்துவிட்டது. ஒன்றரை வருடத்துக்கு 39 என்றால் எவ்வளவு இடைவெளி என்று நீங்களே கணக்குப் போடலாம். வாரத்துக்கு ஒரு தடவை பார்க்கும் கதை தினமும் பார்க்கும் கதையைப்போல் ஆசையை மூட்டாது. அதுவும் ஆன்டெனாவில் எல்லா வீட்டுக்கும் வந்த டிவியில் ஓடிய காலம் போய், கேபிள் சந்தா கட்டிய வீட்டுக்கு மட்டும் வரும் சேனலில்.

அதற்குமேல் ஒன்று நடந்தது. எனக்கு மிகவும் வலிக்கிற இடம் அதுதான். கார்ட்டூனின் இரண்டாம் பருவத்தில் பாம்பு மனிதர்கள் பெரிய எதிரிகளாக வந்தார்கள், வரிசையின் பெயரையும் அதற்கேற்ப மாற்றினார்கள். அவர்களின் அரசன் பொம்மையாக வந்தான். அவனுடைய ஆட்களான ராட்லரும் டங் லாஷரும் அந்த வரிசையில் பொம்மையாக வரவே இல்லை. பின்னால் நெகா என்ற நிறுவனம் அவர்களையும் இன்னும் பல விடுபட்ட பாத்திரங்களையும் அதே அளவில், கை கால் அசையாத சிலைகளாகச் செய்து விற்றது. அதை வாங்கியவர்கள் அலமாரியில் அடுக்கும் பெரியவர்கள். டிவியில் பாம்புப் படையைப் பார்த்த எட்டு வயதுப் பையன் கடைக்கு வந்தபோது அவனுக்குக் கிடைத்தது பாம்புக் கவசம் போட்ட இன்னொரு ஹீ-மேன். கதை ஒருவனைக் காட்டி ஆசை மூட்டுகிறது, கொக்கியில் வேறு ஒருவன் தொங்குகிறான். எவ்வளவு நல்ல விளம்பரம் போட்டாலும் அந்த இடைவெளியை மூட முடியாது.

கதையும் கடையும் தேதி தவறிப்போனால் என்ன ஆகும் என்பதற்கு ஹாஸ்ப்ரோ என்ற இன்னொரு அமெரிக்கக் கம்பெனியின் ஜி.ஐ. ஜோ என்ற படைவீரர் பொம்மை வரிசை ஒரு தெளிவான உதாரணம். அதன் இரண்டாவது படம் 2012 ஜூனில் வருவதாக இருந்தது. வெளிவரக் கொஞ்ச நாள் இருக்கும்போது 2013 மார்ச்சுக்குத் தள்ளிவிட்டார்கள். அதற்குள் பொம்மைகள் கடைகளுக்குப் போய்ச் சேரத் தொடங்கியிருந்தன. வராத படத்தின் பொம்மை எப்படிப் போகும்? படம் வந்தபோது சரக்கு பழைய சரக்காகிவிட்டது.

இதே ஜி.ஐ. ஜோ திரும்பி வந்து ஜெயித்த கதையும் உண்டு. நம் வடசென்னையோடு அதற்கு ஒரு தொடர்பும் இருக்கிறது. 1964-ல் வந்த ஜி.ஐ. ஜோ சுமார் பன்னிரண்டு அங்குலப் பொம்மை. எழுபதுகளில் அது நின்றுபோனது. 1982-ல் ஹாஸ்ப்ரோ அதை மூன்றே முக்கால் அங்குலமாகச் சுருக்கி மறுபடி கொண்டுவந்தது. விலை இறங்கியது, ஒவ்வொருவனுக்கும் தனிப் பெயர், தனி வேலை, அட்டையின் பின்னால் அவன் வரலாறு. நாயகன் என்று ஒருவன் இல்லை, படை முழுவதும் நாயகர்கள். அதனால் பெட்டியில் யார் வந்தாலும் அவன் புதியவன். அந்தப் பொம்மைகளைத்தான் ஃபன்ஸ்கூல் இந்தியாவில் செய்து விற்றது. அமெரிக்காவில் 1994-ல் அந்த வரிசை முடிந்த பிறகும் இங்கே பல வருடம் ஓடியது. ஃபன்ஸ்கூல் எம்.ஆர்.எஃப். வீட்டுப் பிள்ளை. எம்.ஆர்.எஃப். தொடங்கியதே 1946-ல் நம் திருவொற்றியூரில், ஒரு கொட்டகையில் விளையாட்டுப் பலூன் செய்துதான். ஃபன்ஸ்கூல் ஜோக்களை நான் பெட்டி பெட்டியாக விற்றிருக்கிறேன். நிறம் சில சமயம் அமெரிக்கப் பொம்மையில் இருந்ததுபோல இருக்காது, ஆனாலும் கொக்கியில் தங்கியதே இல்லை.

ஒரு மாற்று விளக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். 2002, 2003 வாக்கில் எண்பதுகளின் பல வரிசைகள் ஒரே நேரத்தில் திரும்பி வந்தன. ஜி.ஐ. ஜோ, டிரான்ஸ்ஃபார்மர்ஸ், நிஞ்ஜா ஆமைகள் எல்லாம் அதே கொக்கிக்குப் போட்டியிட்டன. அதனால்தான் ஹீ-மேன் நசுங்கினான் என்று சிலர் சொல்வார்கள். கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் 2003-ல் வந்த ஆமைகள் நன்றாகவே ஓடின, அவர்களுடைய புதுக் கார்ட்டூனும் பல வருடம் நீடித்தது. போட்டிதான் முழுக் காரணம் என்றால் அவையும் சேர்ந்தல்லவா விழுந்திருக்க வேண்டும்? அங்கே நாயகர்களே நான்கு பேர், நான்கு நிற முகமூடி. பையன் நான்கையும் வாங்கியாக வேண்டும். நாயகனைத் திரும்பத் திரும்பப் பெட்டியில் போட்டாலும் அவர்களுக்கு அது அவ்வளவு உறைக்காது. இதை நான் உறுதியாகச் சொல்லவில்லை, கடைக்காரன் பார்வையில் பொருந்துகிறது என்கிறேன்.

‘காலம் மாறிவிட்டது’ என்ற விளக்கத்தை நான் ஏற்காததற்குக் காரணம் 2008. அந்த வருடம் மேட்டல் அதே ஹீ-மேன் உலகத்தை, அதே ஃபோர் ஹார்ஸ்மென் கையால், பெரியவர்களுக்கென்று மறுபடி செய்தது. இந்தத் தடவை கடையும் இல்லை, பெட்டிக் கலவையும் இல்லை. தன் இணையதளத்தில் ஒவ்வொரு பாத்திரமாக விற்றது, பிறகு வருடச் சந்தாவாகவும் விற்றது. வேண்டியவர் வேண்டிய ஆளை வாங்கினார். அது பல வருடம் ஓடியது, குழந்தைகள் பெயர்கூட அறியாத சின்னச் சின்னப் பாத்திரங்கள்வரை பொம்மையாயின. இந்த முறை உடம்பு டையையும் 1982 போலவே பல பாத்திரங்களுக்குப் பகிர்ந்துகொண்டார்கள். பாத்திரங்கள் அவர்களே, சிற்பிகளும் அவர்களே, மாறியது விற்ற விதம். ஆனால் இதை வைத்து 2002-ல் பிள்ளைகளும் இப்படி வாங்கியிருப்பார்கள் என்று சொல்லிவிட முடியாது. 2008-ல் வாங்கியவர்கள் சம்பளம் வாங்கும் பெரியவர்கள், விலையும் கூடுதல். பழைய நினைவு இருப்பவருக்கு விற்பது ஒரு தொழில், நினைவே இல்லாத ஏழு வயதுப் பிள்ளைக்கு விற்பது வேறு தொழில். 2002-ல் இரண்டு பேரும் ஒரே கொக்கிக்கு முன் வந்து நின்றார்கள். பெரியவர் காலையிலேயே வந்து அரிதான டீலாவை எடுத்துக்கொண்டு போய்விட்டால், சாயங்காலம் வரும் பிள்ளைக்கு மிச்சம் ஹீ-மேன்தான். பெரியவரைக் குறை சொல்ல மாட்டேன், அவரும் ஆசையாகத்தான் வாங்கினார். பெட்டியில் இன்னும் இரண்டு டீலா போட்டிருக்க வேண்டியது கம்பெனி.

இனி உங்கள் மாமாவின் பொம்மைகள். இன்று நிலைமை நமக்குக் கொஞ்சம் சாதகம். 2020-ல் இறக்குமதிப் பொம்மைக்கான சுங்கவரியை 20 சதவீதத்திலிருந்து 60 ஆக்கினார்கள், 2023-ல் 70 ஆனது. காசிச்செட்டி தெருவில் சீனச் சரக்கு முன்போல் மலிவாகக் குவியவில்லை, உள்ளூர்ச் சரக்குக்கு இடம் இருக்கிறது. அதே சமயம் 2021 ஜனவரி 1 முதல் பொம்மைக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். மாமா காலத்து டையில் மாமா காலத்துப் பெயிண்டை அடித்துவிட்டுக் கடைக்குக் கொண்டுவர முடியாது. உரிமம், பரிசோதனை, சின்னப் பாகம் கழன்று குழந்தை வாய்க்குள் போகாத அமைப்பு எல்லாம் வேண்டும். அந்தச் செலவை முதலிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பெயிண்டில் மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள், பிள்ளைகள் வாயில் வைக்கும் பொருள் அது.

மாமாவின் பொம்மையை நினைவு வைத்திருப்பவர்களுக்கு இன்று நாற்பது, நாற்பத்தைந்து வயது. அவர்கள் ஆளுக்கு ஒரு செட் சந்தோஷமாக வாங்குவார்கள், அதோடு நிறுத்திக்கொள்வார்கள். அந்த முதல் மாத விற்பனையைப் பார்த்துப் பெரிய அளவில் போட்டுவிடாதீர்கள். அவர்களுக்கென்று கொஞ்சம் நல்ல அட்டைப்பெட்டியில் முழு செட்டாகச் சிறிய எண்ணிக்கையில் செய்யுங்கள். பிள்ளைகளுக்கானதைத் தனியாக, ஒற்றைப் பொம்மையாக, விலை குறைவாக விடுங்கள். உடம்பு டை இரண்டு இருந்தால் போதும், தலை டைகள் எட்டு வெட்டுங்கள். பெட்டிக்கு இருபத்துநான்கு என்றால் நாயகன் நான்குக்கு மேல் வேண்டாம். முக்கியமாக, கடைக்காரர் ஒற்றைப் பாத்திரத்தை மட்டும் கேட்டால் கொடுக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். பெரிய கம்பெனியால் முடியாத காரியம் இது. வியாசர்பாடியிலிருந்து பாரிமுனைக்கு ஷேர் ஆட்டோவில் கொண்டுவரும் உங்களால் முடியும்.

முதலில் ஐந்து பெட்டி போட்டு ஐந்து கடையில் வையுங்கள். ராயபுரத்தில் ஒன்று, பழைய வண்ணாரப்பேட்டையில் ஒன்று, மீதி உங்கள் பக்கம். பத்து நாள் கழித்துப் போய், எத்தனை விற்றது என்று கேட்பதற்கு முன், எது மீந்து தொங்குகிறது என்று கடைக்கு ஒன்றாக எழுதி வாருங்கள். அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டாவது கலவையைப் போடுங்கள். அதற்கெல்லாம் முன்னால், மாமா வீட்டில் அந்த டைகள் இன்னும் இருக்கின்றனவா, துருப்பிடிக்காமல் எத்தனை தேறும் என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். எத்தனை பாத்திரம் இருக்கிறது என்று தெரிந்தால், முதல் பெட்டியின் கலவையை நானே உங்களுக்குப் போட்டுத் தருகிறேன்.